மரப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான பணிப் பாதுகாப்பும் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை கழிப்பது, மரம் சாய்ப்பது, புயலில் விழுந்ததை அகற்றுவது என்று மரத்தோடு தொழில் நடத்தும் நிறுவனங்களின் உரிமையாளர்களும் மேற்பார்வையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய விதிகளையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நாட்டு விதி இவற்றைவிடக் கடுமையாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

எங்கள் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அப்படியானால் கட்டாயம் என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு, மரப் பராமரிப்புக்குத் தனி விதித்தொகுப்பு இல்லாமலேயே பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலைக் கண்காணித்து வந்திருக்கிறது. எப்படி? 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பொதுக் கடமைப் பிரிவு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ கடும் கேடு விளைவிக்கும் என்று அறியப்பட்ட ஆபத்துகள் இல்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது அது. மரத்திலிருந்து விழுவதும் கரண்ட் அடிப்பதும் 'அறியப்படாத' ஆபத்துகள் என்று யாரும் வாதாட முடியாது. அதற்கு மேல் தலைக்கவசம், காது பாதுகாப்பு, உயரத்தூக்கி வண்டி, மின்கம்பி அருகே வேலை என்று ஒவ்வொன்றுக்கும் பொது விதிகள் உண்டு. கலிஃபோர்னியா, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் மர வேலைக்கென்றே தனி விதிகளும் வைத்திருக்கின்றன.

பிரிட்டனிலும் இதே கதைதான். கருவிகளுக்கும் தூக்கு சாதனங்களுக்கும் 1998-இல் வந்த இரண்டு விதித்தொகுப்புகள், உயரத்தில் வேலை செய்வதற்கு 2005-இல் வந்த ஒன்று. இந்த மூன்றில் எதுவும் மரத்துக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆனால் மூன்றுமே மரத்தில் ஏறுபவருக்குப் பொருந்தும்.

இசட்133 என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது சட்டமா?

சட்டமல்ல. மர வேலைப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் தொழில்துறையே சேர்ந்து உருவாக்கிய தேசியத் தரநிலை. முழுப் பெயர் ஆன்சி இசட்133. ஏறும் கயிறு என்ன பலம் தாங்க வேண்டும், கிளைகளைப் பொடித்துத் தள்ளும் சிப்பர் இயந்திரத்தில் கிளையை எப்படி ஊட்ட வேண்டும், மின்கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று நேரடியாகப் பேசும்.

சட்டமில்லை என்றாலும், விபத்துக்குப் பிறகு விசாரணை அதிகாரியின் கையில் அதுதான் இருக்கும். 'இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை இது, நீங்கள் ஏன் செய்யவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். வேறு நாட்டில் தொழில் செய்பவர்களுக்கும் நான் சொல்வது, உள்ளூரில் இப்படியொரு ஆவணம் இல்லையென்றால் இதை வாங்கி வைத்துப் படியுங்கள். நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

யாரைப் 'பயிற்சி பெற்றவர்' என்று எழுதிக்கொள்ளலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பயிற்சி ஆளுக்கு அல்ல, வேலைக்கு. 'குமார் பயிற்சி பெற்றவர்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவுமில்லை. எதில்? தரையில் நின்று விழுந்த மரத்தைத் துண்டு போடுவதிலா, நிற்கும் மரத்தைச் சாய்ப்பதிலா, கயிற்றில் தொங்கிக்கொண்டு செயின்சா (சங்கிலி ரம்பம்) பிடிப்பதிலா? இவை மூன்றும் வேறு வேறு திறமைகள். முதலாவதில் கைதேர்ந்தவர் மூன்றாவதில் கத்துக்குட்டியாக இருக்கலாம். பிரிட்டனில் மரத்தை அறுக்கவோ மரத்தின் மேல் இருந்துகொண்டோ செயின்சா பயன்படுத்தும் தொழிலாளிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்பதும், அந்தச் சான்றிதழ்கள் வேலை வேலையாகப் பிரிந்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே பதிவேட்டில் நான்கு விஷயங்கள் வேண்டும். எந்த வேலை, எந்தக் கருவி, யார் சொல்லிக்கொடுத்தார், அந்த ஆள் தானாகச் செய்து காட்டியதை யார் நின்று பார்த்தார். நான்காவதைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. வீடியோ போட்டுக் காட்டி, வருகைத்தாளில் கையெழுத்து வாங்கி, கோப்பில் செருகிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கையெழுத்து அவர் அன்று அறையில் உட்கார்ந்திருந்தார் என்பதற்குத்தான் சாட்சி. முடிச்சு போடத் தெரியுமா என்று பார்க்க முடிச்சுதான் போடச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பாடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வெளியூர் ஆட்களை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் மொழியில் பாடம் நடத்தினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் தராத பயிற்சியைப் பயிற்சியாகக் கணக்கிட மாட்டோம் என்று ஓஷா 2010-லேயே சொல்லிவிட்டது.

இருபது வருடமாக ஏறுகிறவர். அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

புதிதாக ஒன்றுமில்லாமல் போகலாம். ஆனாலும் அவர் செய்வதை ஒருமுறை நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும். அனுபவம் என்பதில் நல்ல பழக்கமும் இருக்கும், இதுவரை அதிர்ஷ்டத்தால் தப்பித்த கெட்ட பழக்கமும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் எது எது என்று தெரியும்.

மீள்பயிற்சிக்கு ஒரு அளவுகோல் வேண்டுமானால், முழுநேரமாகச் செயின்சா பிடிப்பவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, எப்போதாவது பிடிப்பவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று பிரிட்டனில் பரிந்துரைத்திருக்கிறார்கள். எப்போதாவது பிடிப்பவருக்குத்தான் அடிக்கடி வேண்டும், கவனியுங்கள். இதைத் தலைகீழாகச் செய்யும் நிறுவனங்களே அதிகம். அப்புறம், புதுக் கருவி வந்தாலோ, வேலை மாறினாலோ, மயிரிழையில் ஒரு விபத்து தப்பினாலோ வருடக் கணக்கைப் பார்க்கத் தேவையில்லை, உடனே பயிற்சிதான். வேலையில் சேரும்போது, வேலை மாறும்போது, புதுக் கருவி வரும்போது பயிற்சி தரவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989-ஆம் ஆண்டு அடிப்படை நெறிமுறையிலும் இருக்கிறது. அந்தப் பயிற்சியை வேலை நேரத்தில், தொழிலாளியிடம் காசு வாங்காமல் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே களத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், கிளை இழுக்க. அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அவை தெரியாமல் வண்டியிலிருந்து இறங்கவே கூடாது. கிளை விழும் இடம் எது, அதற்குள் எப்போது போகலாம், மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, மின்கம்பி எங்கே இருக்கிறது, சிப்பரின் அவசர நிறுத்தம் எது, அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது.

மேலே இருப்பவரோடு பேசுவதற்கு நிலையான சொற்கள் வேண்டும். ஏறியவர் 'கீழே ஆள் இருக்கா?' என்று கேட்பார். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்து, சுற்றிலும் பார்த்து, 'யாரும் இல்லைண்ணே, விடலாம்!' என்று குரல் கொடுத்த பிறகுதான் வெட்டு விழ வேண்டும். பதில் வரவில்லை என்றால் வெட்டு இல்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்றால் ஹெல்மெட்டோடு சேர்ந்த வாக்கிடாக்கி வாங்குங்கள், அல்லது கை சைகைகளை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். 'நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்' என்பது பதில் அல்ல.

தினமும் வேலை தொடங்கும் முன் கூட்டம் போட வேண்டுமா? நேரம் வீணாகிறதே?

வேண்டும். ஆனால் 'எல்லோரும் ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்' என்று சொல்லும் கூட்டம் வீண்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தடியில் நின்று, மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வரச் சொல்லுங்கள். வேர்ப்பக்கம் மண் பிளந்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா, மேலே முறிந்து தொங்கும் கிளை இருக்கிறதா, தேன்கூடு இருக்கிறதா. அப்புறம் யார் ஏறுகிறார், யார் கயிறு பிடிக்கிறார், யார் மீட்பாளர், வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது. கடைசியாக, இந்த இடத்தின் முகவரியை ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். ஆம்புலன்சுக்குப் பேசும்போது முகவரி தெரியாமல் திணறுவது சர்வசாதாரணம்.

காற்று மாறினாலோ வேலைத் திட்டம் மாறினாலோ கூட்டத்தை மறுபடி போட வேண்டும். காலையில் பேசியது மத்தியானத்துக்குச் செல்லாது.

மின்கம்பியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும்?

மின்கம்பி அருகே கிளை கழிக்கத் தனிப்பயிற்சி பெறாதவர்களுக்கு அமெரிக்க விதிப்படி, 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்குக் குறைந்தது 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். அழுத்தம் கூடினால் தூரமும் கூடும். இந்தத் தூரம் ஆளுக்கு மட்டுமல்ல, அவர் கையிலுள்ள கம்பு ரம்பம், ஏணி, வெட்டி விழப்போகும் கிளை எல்லாவற்றுக்கும். கம்பியைத் தொடாமலேயே கரண்ட் தாவும் என்பதைப் புது ஆட்கள் நம்ப மாட்டார்கள். அதனால் சொல்லிவிட்டு நிறுத்தாமல், கம்பியில்லாத திறந்த வெளியில் 3 மீட்டரை டேப் வைத்து அளந்து காட்டுங்கள்.

அந்தத் தூரத்துக்குள் வேலை செய்வது தனித் தொழில். அதற்கென்று பயிற்சி, அதற்கென்று கருவி, அதற்கென்று அனுமதி வேண்டும். அது இல்லாதவர்கள் மின் விநியோக நிறுவனத்தைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதை அவர்களே உறுதி செய்த பிறகுதான் தொட வேண்டும். வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார் என்பது கணக்கில் வராது, தெருவில் போகும் கம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

தவறான நம்பிக்கைகள் நிறைய உண்டு. கம்பியின் மேல் கறுப்பு உறை இருந்தால் தொடலாம் என்பது ஒன்று. பல கம்பிகளில் அந்த உறை வெயில் மழைக்கான கவசம் மட்டுமே, மின்காப்பு அல்ல. பச்சை மரம் கரண்ட் கடத்தாது என்பது இன்னொன்று. கடத்தும், நனைந்த கயிறும் கடத்தும். புயலில் அறுந்து தரையில் கிடக்கும் கம்பி செத்த கம்பி என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் வழியாகவும் கம்பியில் கரண்ட் திரும்பி வரலாம்.

வண்டி கம்பியில் பட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். கால்களை அகட்டி வைத்தால் தரையிலுள்ள மின்னழுத்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். இதைச் சொல்லிக் காட்டாமல் நடத்திக் காட்டிப் பழக்குங்கள். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

செயின்சாவுக்கான பேன்ட் விலை அதிகம். சாதாரண ஜீன்ஸ் போதாதா?

போதாது. ஓடும் சங்கிலி ஜீன்ஸைக் கிழித்துத் தொடைக்குள் போக ஒரு நொடி ஆகாது. பாதுகாப்புப் பேன்ட் வெட்டைத் தடுக்கும் தகடு அல்ல. அதன் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் நார்கள் வெளியே இழுபட்டு, சங்கிலியைச் சுற்றும் பற்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும். அதனால்தான் ஒருமுறை வெட்டுப்பட்ட பேன்ட்டைத் தைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. தையல் நார்களைக் கட்டிப்போட்டுவிடும், அவை இழுபடாது.

ஐஎஸ்ஓ 11393 தரநிலையில் இந்த உடைகள் சங்கிலி வேகத்தை வைத்து வகைப்படுத்தப்பட்டுள்ளன. வகுப்பு 0 என்றால் வினாடிக்கு 16 மீட்டர், வகுப்பு 1-க்கு 20, வகுப்பு 2-க்கு 24, வகுப்பு 3-க்கு 28. காலின் முன்பக்கத்தை மட்டும் காப்பவை ஏ வகை, சுற்றிலும் காப்பவை சி வகை. மரத்தில் ஏறி அறுப்பவரின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் அவருக்கு சி வகைதான் சரி.

விலையை யார் தருவது என்ற கேள்வியும் இதோடு வரும். முதலாளி. பாதுகாப்பு நடவடிக்கைகளால் தொழிலாளிக்குச் செலவு எதுவும் வரக்கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை (1981).

மரத்தின் மேல் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பது எல்லோரும் செய்வதுதானே?

எல்லோரும் செய்வதுதான். அதனால்தான் இடது கையில் தழும்போடு இத்தனை பேர் திரிகிறார்கள். கைப்பிடி மேல்பக்கம் உள்ள மேல்பிடி செயின்சா சிறியதாக, ஒரு கையில் அடங்குவதாக இருப்பதே பிரச்சினை. சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் முன்னால் உள்ள கைத்தடுப்பு மணிக்கட்டில் மோதி பிரேக் விழ வாய்ப்புண்டு. மறு கை கிளையில் இருந்தால் அந்தக் கைத்தடுப்பால் பயனில்லை.

இரண்டு கையும் ரம்பத்தில் இருக்க வேண்டுமானால் உடல் நிலையாக இருக்க வேண்டும். அதனால் மேலே செயின்சா பிடிக்கும்போது ஏறு கயிற்றோடு இடுப்புக் கயிறும் சேர்த்து, இரண்டு பிணைப்பு இருக்க வேண்டும். ஒன்று தவறுதலாக அறுபட்டாலும் மற்றது தாங்கும். ஒற்றைக் கையால் அறுக்கும் ஆளைத் திட்டுவதற்கு முன் அவர் நின்ற நிலையைப் பாருங்கள். பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால் கயிற்றை மாற்றிக் கட்டாமல் எட்டி அறுத்திருப்பார். அங்கேதான் திருத்த வேண்டும்.

மேல்பிடி ரம்பத்தைத் தரையில் துண்டு போடப் பயன்படுத்தவே கூடாது. அதுவும் 'எல்லோரும் செய்வதுதான்'.

கயிறு, ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) எல்லாம் எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் ஏறும் முன். கயிற்றை முழு நீளத்துக்கும் விரலுக்கிடையே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தட்டையான இடம், கெட்டிப்பட்ட இடம், உள்நார் அறுந்து மெலிந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். கராபினர் (கயிற்றை இணைக்கும் கொக்கி) தானாக மூடித் தானாகப் பூட்டுகிறதா, ஹார்னஸின் தையலில் நூல் விட்டிருக்கிறதா, பெட்ரோல் அல்லது பேட்டரி அமிலம் பட்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை.

இதற்கு மேல், தகுதியுள்ள வேறொருவர் செய்யும் முறையான பரிசோதனை. பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் சாதனங்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை, பாரம் மட்டும் இறக்கும் சாதனங்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு கயிற்றுக்கும் கொக்கிக்கும் அடையாள எண் இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாது. கழித்துவிட்ட கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக வைத்திருந்தால் எப்படியோ மறுபடியும் வண்டிக்கு வந்து சேர்ந்துவிடும்.

இசட்133 ஏறு கயிறு குறைந்தது 24 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. கிளை இறக்கும் கயிற்றை ஏறப் பயன்படுத்தக் கூடாது, ஏறும் கயிற்றால் கிளை இறக்கவும் கூடாது. நிறத்தை வைத்துப் பிரித்துவிடுவது எளிது.

ஏறியவர் மேலேயே மயங்கிவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டால் போதாதா?

கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருப்பது திட்டமல்ல. செயின்சா வெட்டில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இரத்தம் போகாவிட்டாலும், நினைவில்லாமல் ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே ஆபத்து. கால்களில் இரத்தம் தேங்கிவிடும், தலை சாய்ந்து மூச்சுப் பாதை அடைபடலாம். வரும் தீயணைப்பு வண்டியின் ஏணி அந்தத் தோட்டத்துக்குள் நுழையுமா என்பதும் தெரியாது.

ஆகவே ஏறும் வேலைக்குக் குறைந்தது இரண்டு பேர். கீழே இருப்பவருக்கும் ஏறி மீட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கான ஹார்னஸும் கயிறும் அந்த மரத்தடியிலேயே, பையிலிருந்து எடுத்து வைத்த நிலையில் இருக்க வேண்டும். நான் பார்க்கும் நிறுவனங்களில் இங்கேதான் பெரிய ஓட்டை. நன்றாக ஏறத் தெரிந்த ஒருவரும், நேற்றுச் சேர்ந்த ஒருவரும் ஜோடியாகப் போகிறார்கள். மேலே இருப்பவருக்கு ஒன்று ஆனால் கீழே இருப்பவர் போன் பேசத்தான் முடியும்.

பயிற்சியை இப்படி வையுங்கள். ஆள் எடைக்குச் சமமான பொம்மை ஒன்றை ஹார்னஸ் மாட்டி மரத்தில் இடுப்புக் கயிற்றோடு கட்டித் தொங்கவிடுங்கள். அடிமரத்தோடு ஒட்டி ஒருமுறை, கிளை நுனியில் ஒருமுறை. மீட்பவர் முதலில் செய்ய வேண்டியது ஏறுவது அல்ல. நின்று, பார்த்து, கூப்பிட்டு, உதவிக்கு ஆள் அனுப்பி, மரத்தில் கரண்ட் இருக்கிறதா என்று உறுதி செய்வதுதான். இதைத் தவறவிட்டு ஓடிப்போய்த் தொட்டால் விபத்து இரண்டாகிவிடும். அதன் பிறகே ஏறி, மயங்கியவரின் எடையைத் தன் கயிற்றுக்கு மாற்றி, இடுப்புக் கயிற்றை விடுவித்து, இருவருமாக இறங்க வேண்டும். எடையை மாற்றாமல் இடுப்புக் கயிற்றை வெட்ட முனைவது முதல் பயிற்சியில் பலரும் செய்வது. கத்தி கயிற்றுக்குப் பக்கத்தில் போகும் அந்த நொடியில் பயிற்சியாளர் 'நிறுத்து' என்று கத்தியே ஆக வேண்டும். இறுக்கமாக நிற்கும் கயிறு கத்தி பட்டாலே போய்விடும், அதற்குப் பக்கத்தில்தான் மீட்பவரின் கயிறும் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் கை மறக்காது. வருடம் ஒருமுறை என்பது என் கணக்கில் குறைந்தபட்சம்.

முதலுதவி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

எல்லோருக்கும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து அவருக்கே அடிபட்டால் என்ன செய்வது? அமெரிக்க மின் விதிகளில் களத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும்போது முதலுதவியும் இதய-சுவாச மீட்பும் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

பொதுவான முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பிளாஸ்திரியும் பஞ்சும் இந்தத் தொழிலுக்கு உதவாது. இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையும் பெரிய அழுத்தக் கட்டும் வேண்டும். ஒரு செட் ஏறுபவரின் ஹார்னஸிலேயே, அவர் எந்தக் கையாலும் எடுக்க முடிகிற இடத்தில் இருக்கட்டும்.

சிப்பர் இயந்திரத்தில் என்ன பெரிய பயிற்சி இருக்கிறது? கிளையைத் தள்ளினால் போகிறது.

ஆளையும் அதே போல இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1999-லேயே இதற்குத் தனி எச்சரிக்கை வெளியிட்டது. ஊட்டும் உருளை கிளையைக் கவ்வியதும் அது போகும் வேகத்துக்கு மனிதனின் கை விடுபடாது.

கிளையின் அடிப்பகுதி முதலில் போக வேண்டும். ஊட்டுபவர் நேர் பின்னால் நிற்காமல் ஓரமாக நின்று, உருளை பிடித்ததும் விட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். நேர் பின்னால் நின்றால் கிளை திரும்பி அடிக்கும். குட்டைத் துண்டுகளையும் தழையையும் கையாலோ காலாலோ தள்ளாமல் நீளமான கிளையின் மேல் வைத்து அனுப்ப வேண்டும், அல்லது மரக்கம்பால் தள்ள வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி விரிந்து நிற்கும் நீள் கையுறை, தொளதொள சட்டை, கழுத்துத் துண்டு, மோதிரம் எதுவும் வேண்டாம். ஏறும்போது போட்ட ஹார்னஸைக் கழற்றாமல் சிப்பருக்கு வருவது இன்னொரு ஆபத்தான பழக்கம், தொங்கும் பட்டை கிளையில் மாட்டிக்கொள்ளும்.

கயிறுதான் பலரும் யோசிக்காத எமன். வின்ச் எனப்படும் இழுவைச் சாதனத்தின் கயிற்று நுனி உள்ளே போய், அதன் வளையம் பக்கத்தில் நிற்பவரின் கழுத்திலோ காலிலோ மாட்டி இழுத்துச் சென்ற மரணங்கள் நடந்திருக்கின்றன. மரத்தடியில் கிடக்கும் ஏறு கயிறு கிளையோடு சேர்ந்து உள்ளே போனால் மேலே இருப்பவர் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஏறு கயிற்றை எப்போதும் பையில் போட்டு வையுங்கள். வின்ச் கயிற்றை அதன் இடத்தில் மாட்டிய பிறகே உருளையை ஓட்டுங்கள்.

அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை அணைத்தால் மட்டும் போதாது. கத்திச் சக்கரம் கனமானது, அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். முழுவதும் நின்றதைப் பார்த்து, பூட்டுக் கம்பியைப் போட்டு, சாவியைத் திறப்பவரின் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மரம் சாய்க்கும்போது மற்றவர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

சாய்ப்பதில் பங்கில்லாதவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி. விழும் மரம் பக்கத்து மரத்தைத் தட்டி அதையும் சாய்க்கலாம், உடைந்த கிளை பறந்து வரலாம்.

அறுப்பவர் தப்பிக்கும் வழியை வெட்டு போடும் முன்பே சுத்தம் செய்து வைக்க வேண்டும். அது சாயும் திசைக்கு நேர் பின்னால் அல்ல, சாய்வாகப் பின்பக்கம் 45 பாகை. நேர் பின்னால் ஓடினால் அடிமரம் எகிறிப் பின்னால் வந்து தாக்கும். முன்வெட்டுக்கும் பின்வெட்டுக்கும் நடுவே அறுக்காமல் விடவேண்டிய கீல் பகுதி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்க வேண்டும். சாய்ந்து நிற்கும் மரத்தில் பின்வெட்டைச் சாதாரணமாகப் போட்டால் அடிமரம் நெடுக்காகப் பிளந்து எகிறும். அப்படிப்பட்ட மரத்துக்குத் தனி முறை உண்டு, அதற்குத் தனிப்பயிற்சியும் வேண்டும்.

பக்கெட் லாரியில் நிற்பவருக்கு ஹார்னஸ் எதற்கு? சுற்றிலும் தடுப்பு இருக்கிறதே?

கிளை விழுந்து பக்கெட்டைத் தாங்கும் பூம் (நீள் கை) மேல் மோதினால் பக்கெட் ஊஞ்சலாடி ஆளைத் தூக்கி வீசும். முழு உடல் ஹார்னஸ், பூமில் உள்ள கொக்கியில் கட்டியிருக்க வேண்டும், பக்கத்து மரத்தில் அல்ல. கிரேன் வைத்து மரம் பிரிக்கும் வேலையில், வேறு நல்ல வழியில்லாதபோது ஏறுபவரைக் கிரேனால் தூக்க இசட்133 நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஆனால் கிரேனில் பாரம் ஏறும் முன் அவர் அதிலிருந்து கழன்று மரத்தில் கட்டியிருக்க வேண்டும்.

சத்தம், அதிர்வு பற்றியும் விதி இருக்கிறதா?

இருக்கிறது. செயின்சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 8 மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தொட்டால் அமெரிக்காவில் கேள்திறன் பரிசோதனை உள்ளிட்ட திட்டம் வேண்டும். கை அதிர்வுக்கு ஐரோப்பாவில் 8 மணி நேரத்துக்கு 2.5 மீ/வி² வந்தால் நடவடிக்கை, 5 உச்சவரம்பு. விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் அதைக் குளிர் என்று தள்ளிவிடாதீர்கள்.

பதினேழு வயதுப் பையன் நன்றாக ஏறுகிறான். வேலை தரலாமா?

செயின்சாவும் சிப்பரும் அவன் கையில் போகக் கூடாது. அமெரிக்காவில் 18 வயதுக்குட்பட்டவர்கள் இவை இரண்டையும் இயக்குவதைத் தடை செய்யும் தனி உத்தரவே உண்டு. நன்றாக ஏறுவது இங்கே கேள்வியே அல்ல.

ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களுக்கு நாங்கள் பொறுப்பா?

உங்கள் களத்தில், உங்கள் மேற்பார்வையில் வேலை செய்தால் விசாரணை உங்களிடமும் வரும். சான்றிதழ் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நிறுத்தாமல், மேலே சொன்னபடி செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு மட்டும் வந்தவர் என்பதால் காலைக் கூட்டத்திலிருந்து விலக்குத் தராதீர்கள், அவருக்குத்தான் உங்கள் ஆட்களின் சைகைகள் தெரியாது.

விபத்து நடந்தால் எப்போது அறிவிக்க வேண்டும்?

உங்கள் நாட்டு விதியைக் காலைக் கூட்டத் தாளிலேயே அச்சிட்டு வையுங்கள், பதற்றத்தில் தேட முடியாது. ஓஷா விதிப்படி உயிரிழப்பை 8 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்த்தல், உறுப்பு துண்டித்தல், கண் இழப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள்.

அடிபடாமல் தப்பியவற்றை அரசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் நீங்கள் எழுதி வையுங்கள். ஆனால் சொன்னவரைத் திட்டினால் அடுத்தமுறை யாரும் சொல்ல மாட்டார்கள், குறிப்பேடு காலியாகவே இருக்கும். காலியான குறிப்பேட்டைக் காட்டிப் பெருமைப்படும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

'இந்த மரத்தில் ஏற மாட்டேன்' என்று ஒருவர் மறுத்தால் என்ன செய்வது?

ஏற்றாதீர்கள். உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகிக்கொண்டவரைத் தண்டிக்கக் கூடாது என்று 155-ஆம் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. பல நாட்டுச் சட்டங்களிலும் இதே உரிமை வேறு சொற்களில் இருக்கிறது.

அதைவிட, ஏன் என்று கேளுங்கள். 'மேல் கவை சரியில்லைண்ணே, அதில் கயிறு போட மனசு வரலை' என்பார். கூடவே போய் அண்ணாந்து பாருங்கள். பைனாகுலர் வண்டியில் ஒன்று இருப்பது நல்லது. கவையில் பிளவு தெரிந்தால் உயரத்தூக்கி வண்டியை வரவழையுங்கள், வேலை நாளைக்குத் தள்ளிப்போகும், வாடிக்கையாளரிடம் நீங்களே பேசுங்கள். பிளவு தெரியாவிட்டாலும் அன்றைக்கு அவரை ஏற்ற வேண்டாம். அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் முன், முதலாமவர் ஏன் மறுத்தார் என்பதை அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, அவரும் பார்த்துத் தானே முடிவு செய்ய விடுங்கள்.